‘முடியும்’ என்று சொல்பவர்

5 மார்ச் 1991, செவ்வாய்

டைப்ரைட்டர் ரிப்பன் மாற்றியதில் விரலெல்லாம் மை. அந்தக் கையோடுதான் போனை எடுத்தேன். பந்திங்கிலிருந்து என் பள்ளித்தோழி மெய்யம்மை. எங்கள் விளையாட்டைக் கிள்ளான் புத்தகக்கடை நாராயணன் அண்ணன் அச்சடிக்கச் சம்மதித்துவிட்டாராம். ஒரு நிபந்தனை: “உங்க ரெண்டு பேருக்கும் சரியாத்தான் வரும். தெரியாத நாலு பேரு விளையாடிப் பாக்கட்டும்லா.”

எல்லாம் லண்டனிலிருந்து சிவசம்பு அண்ணா அனுப்பிய பெட்டியில் ஆரம்பித்தது. ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆங்கில விளையாட்டு. அதில் வந்த குகையும் நெருப்புக் கக்கும் பிராணியும் எங்களுக்கு ஒட்டவில்லை. எழுபத்தொன்று வெள்ளத்தில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ஒரு வெள்ளம், ஒரு படகு, அதில் ஏறியவர்கள் என்று எங்களுக்காக ஒன்று செய்துகொண்டோம்.

பகடை கிடையாது. “கூரைமேல ஏறப்போறேன்” என்று ஒருத்தி சொல்வாள். “முடியும்” என்று மற்றவள் சொன்னால் ஏறிவிட்டாள். “முடியாதுடி, ஓடு வழுக்கும்” என்று மெய்யம்மை சொன்னால் எனக்கு நிஜமாகவே கால் கூசும். பள்ளி முடித்த வருஷம் முழுக்க அந்தப் படகில்தான் இருந்தோம்.

10 மார்ச், ஞாயிறு

கிள்ளான் வாசகசாலை. ‘விளையாடிப் பார்க்க வாருங்கள்’ என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தோம். ஆறேழு பேர் வந்தார்கள்.

காப்பார் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெயராஜ் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். யார் எதைக் கேட்டாலும், “முடியும் அண்ணே. எல்லாமே முடியும்லா!” மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தேநீர் ஆறுவதற்குள் ஊரே கரையேறிவிட்டது.

“அவ்வளவுதானா அக்கா?” என்றார். கேலி இல்லை. நிஜமான ஏமாற்றம்.

மெய்யம்மை என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

17 மார்ச்

இன்று நேர்மாறு. ராதாகிருஷ்ணன் என்றொருவர் எல்லாவற்றுக்கும் “முடியாது” என்றார். படகு அசையவேயில்லை.

20 மார்ச், புதன்

மெய்யம்மையிடம் போனில் சொன்னேன். “முடியும்”னு சொல்றவங்களும் கூடப் போகணும். பகடை உருட்டணும். தோத்தா ரெண்டு பேரும் தண்ணியில.

“நாம ஒருநாளாச்சும் டைஸ் உருட்டினோமா புனிதா?”

“அப்ப நாம ரெண்டு பேருதானேடி.”

“அதான் விளையாட்டே.” வைத்துவிட்டாள்.

நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? தெரியாதவங்க எப்படி நம்புவாங்க ஒருத்தர ஒருத்தர்? சும்மா வாயால சொல்லிட்டா போதுமா? எனக்கு மட்டும் அந்தப் பழைய விதி பிடிக்காதா— பிடிக்காமலா இவ்வளவு வருஷம் மனசுலயே வச்சிருந்தேன்?

24 மார்ச், ஞாயிறு

அவள் வரவில்லை. புது விதியோடு நானே நடத்தினேன்.

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் புஷ்பவல்லி முதன்முறையாக வந்திருந்தார். படகிலிருந்து ரயில்வே பாலத்துக்குத் தாவப்போவதாக ஜெயராஜ் சொன்னார். அங்கே நோயாளி ஒருவர் சிக்கியிருந்தார். யார் “முடியும்” சொல்வது? ஆளாளுக்குப் பகடையையே பார்த்தார்கள். முதல் ஞாயிறு வாய்க்கு வாய் சொன்னவர்கள் இவர்கள்தான்.

“முடியும். நானும் வரேன்” என்றார் புஷ்பவல்லி.

பகடை ஒன்றில் விழுந்தது. இருவரும் வெள்ளத்தில்.

“சாரிக்கா, என்னாலதான்...”

“நான்தானே முடியும்னு சொன்னேன்? விடுங்க. இப்ப எதப் புடிச்சிக்கலாம், அதப் பாருங்க.”

எல்லோரும் எழுந்து நின்றுகொண்டு விளையாடினார்கள். வாசகசாலையைப் பூட்ட வந்தவரும் நின்று பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இதை ஒருத்தியிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். அவள் போனை எடுக்கவில்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

மெய்யம்மை வந்தாள்! என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் புஷ்பவல்லிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விளையாடினாள். இருவருமாகத் தண்ணீரில் விழுந்தார்கள். நனைந்தவர்கள் மாதிரியே சிரித்தார்கள்.

பிறகு படிக்கட்டில் சொன்னாள்: “கல்யாணமாகி பந்திங் போனப்புறம் எனக்குன்னு இருந்தது அந்தப் படகு மட்டும்தான்டி. நீ அதையும் மாத்துறேன்னதும் கோவம் வந்திருச்சு.”

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“அந்த அக்காவுக்கு நான் யாருன்னே தெரியாது. எனக்காக விழுந்தாங்க பாத்தியா?”

இருவரும் வெளியே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். பழைய கதைதான், பஸ் வரும்வரை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

எங்கள் விளையாட்டுப் புத்தகம் அச்சாகி வந்து ஒரு மாதமாகிறது. பந்திங்கில் மெய்யம்மை தன் வீட்டிலேயே ஞாயிறுதோறும் மேசை போடுகிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வருகிறார்கள். இன்று நானும் போனேன், ஆட்டக்காரியாக.

என் பகடை தோற்றது. தண்ணீரில் விழுந்தேன். அடுத்து என்ன என்று விதியை எழுதிய எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பெண், “கயிறு போடுறேன்!” என்றாள். தன் தாளில் எழுதியிருந்த பொருள்களில் ரேடியோவைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். யாராவது தன் பொருளில் ஒன்றைத் துறந்தால் விழுந்தவருக்கு ஒரு கயிறு. இது இவர்களாகவே செய்துகொண்ட விதி. புத்தகத்தில் இல்லை.

மெய்யம்மை என்னைப் பார்த்தாள். அப்படி விதி இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஆன்டி, சீக்கிரம் புடிங்க!”

பிடித்துக்கொண்டேன்.