எந்த வெள்ளிக்கிழமை?

சூளகிரி,
நவம்பர் 2009

அன்புள்ள பவளத்துக்கு,

நீயும் தர்ஷினியும் சௌக்கியந்தானே? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

பிரிண்டர் விற்ற நானே இதையும் செய்து தரவேண்டும் என்று இங்குள்ள தொழிற்சாலை முதலாளி பிடிவாதம் பிடித்த வேலை இன்றைக்குத்தான் ஒரு வழிக்கு வந்தது. அவருக்கு மேக், கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ், டிசைன்காரர்களுக்கு லினக்ஸ். எதில் தட்டினாலும் இன்டர்நெட் வழியாக அவருடைய ஓசூர் ஆபீஸ் பிரிண்டரில் தாள் வரவேண்டும். ஒன்று சரியானால் மற்றது முறுக்கிக்கொள்ளும்.

சோதனைக்கு ஏதாவது அடிக்கவேண்டுமே. ஒவ்வொரு முறையும், "பவளம், வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன்" என்றே அடித்தேன். அதெல்லாம் எங்கோ தேங்கி நின்று, இன்று வழி திறந்ததும் மொத்தமாக ஓசூரில் போய்க் கொட்டிவிட்டது. அந்த ஆபீசில் இருக்கும் சுகுணா போன் செய்தாள்.

"யாருங்ண்ணா பவளம்? வெள்ளிக்கிழமை வர்றேன்னு தாள் தாளா வந்துட்டே இருக்குது. எந்த வெள்ளிக்கிழமைங்ண்ணா?"

"பின்பக்கம் வெள்ளையாத்தானம்மா இருக்கு, தூக்கிப் போடாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமையும் முடியாது. எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்காமல் கிளம்பினால் வேறு ஆள் உள்ளே நுழைந்துவிடுவான். நம் தர்ஷினியின் காதுகுத்தை எனக்காக இனித் தள்ளாதே. உட்காரவைக்க உன் அண்ணன் மடி இருக்கிறது, அது போதும்.

இங்கே குளிர். பழைய கம்பளியையும் கொஞ்சம் பூண்டு ஊறுகாயையும் ஓசூர் பஸ்ஸில் கொடுத்துவிடு. கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். காதுகுத்துப் போட்டோவை மட்டும் மறக்காமல் ஈமெயிலில் அனுப்பச் சொல், உன் அண்ணனிடம். இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அச்சாகிவிடும்.

பூபதி