ஒற்றைச் சூடு

19 ஆகஸ்ட் 2003, செம்மேடு

இன்று மூன்று காய்ச்சல்காரர்கள். மூன்று பேருமே பொய் சொன்னார்கள். ஒருவர் ஐந்து நாள் காய்ச்சல் என்றார். அவர் மனைவி பத்து நாள் என்றாள். ஒரு பெண் இதுவரை எந்த மாத்திரையும் தொட்டதில்லை என்றாள். சேலை மடிப்பிலிருந்து காலி மாத்திரை அட்டை கீழே விழுந்தது. மூன்றாவது ஆளுக்குத் தன் வயதே சரியாகத் தெரியவில்லை. அதைப் பொய்யில் சேர்க்கலாமா?

அத்தா சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கும்போது மூட்டையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பார். அந்தப் புத்தி எனக்கும் வந்துவிட்டது. ஆராய்ச்சி வேலைக்கு அது நல்லதுதான்.

போன வருடம் மழைக்குப் பிறகு இந்த மலையில் ஆறு பேர் காய்ச்சலில் செத்தார்கள். டைபாய்டு ஊசிக்கும் அடங்காத காய்ச்சல். அது எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கத்தான் மாணிக்கம் டாக்டர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். நான் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து மதிய பஸ்ஸில் நாமக்கல்லுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து சென்னை லேபுக்குப் போகும். நோயாளியின் தோலில் என்ன இருக்கிறது என்று பார்த்து, ஃபாரத்தின் பத்தாவது கட்டத்தில் எழுதுவதும் நான்தான். டாக்டருக்கு மலை புதிது. நான் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பிறந்தவள். "இது என்ன ஆஸியா?" என்று என்னிடம்தான் கேட்பார்.

27 ஆகஸ்ட்

குப்புசாமி, 38 வயது, ஏழு நாள் காய்ச்சல். இடது அக்குளில் கறுத்த வட்டம், காய்ந்த பக்கு, சுற்றிலும் சிவப்பு. சூடு போட்டிருக்கிறார்கள்.

"சூடெல்லாம் இல்லீங்க."

அப்புறம் இது என்ன?

"தெரீலீங்க. இருக்குதுன்னே இப்பத்தான் பாக்கறன்."

வலிக்கிறதா என்றேன். இல்லை என்கிறார். சுட்ட இடம் வலிக்காதாம். எனக்கே காது குத்துகிறார்.

டாக்டரும் குனிந்து பார்த்தார். "சூடு சார். இங்கே காய்ச்சலுக்குப் போடுவாங்க. நாம திட்டுவோம்னு ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். தலையை ஆட்டினார். பத்தாவது கட்டத்தில் எழுதினேன்: சூட்டு வடு ஒன்று. மறுக்கிறார்.

1 செப்டம்பர்

குப்புசாமி காலை பத்து மணிக்கு இறந்துவிட்டார். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. நேராக இங்கே வராமல் சூடு போட்டு நாளைக் கடத்தினால் இப்படித்தான் ஆகும். கோபம் கோபமாக வருகிறது.

12 செப்டம்பர்

மேலும் இரண்டு சூடு. ஒருவருக்குத் தொடை இடுக்கில், ஒரு பெண்ணுக்கு மார்புக்குக் கீழே. இரண்டு பேரும் மறுக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டுதான் மறுக்கிறார்கள். யாரையோ காப்பாற்றுகிறார்கள்.

18 செப்டம்பர்

ஆள் அகப்பட்டாள். பெருமாயி. ஐம்பது வயது இருக்கும், சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காடு வைத்திருக்கிறாள். குழந்தைகளுக்கு வலிப்பு வந்தால் சூடு போடுகிறவள் என்று நர்ஸ் சங்கீதா சொன்னாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொன்னார்.

24 செப்டம்பர்

சந்தையில், அத்தனை பேர் முன்னால், தலைவர் பெருமாயியைக் கூப்பிட்டு இனிமேல் சூடு போட்டால் போலீஸ் வரும் என்றார். அவள் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கொழந்தைங்களுக்குப் போடுவனுங்க. இல்லீன்னு சொல்லல. பெரியவங்களுக்கு நான் போட்டதே இல்லீங்க அம்மிணி."

ஒன்றை ஒப்புக்கொண்டு இன்னொன்றை மறைக்கிற தந்திரம் எனக்குத் தெரியாதா? விற்காத அவரைக்காயோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முதுகு நிமிர்ந்தே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

6 அக்டோபர்

பெருமாயி அடங்கிவிட்டாள் என்கிறார்கள். ஆனால் இன்றும் ஒரு சூடு. முதுகில். அவளா, வேறு ஆளா?

16 அக்டோபர்

சென்னம்மாள், 26 வயது. துணியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். எட்டு நாள் காய்ச்சல், கண் சிவந்து கிடக்கிறது, பேச்சு குழறுகிறது. ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷன் அர்த்தனாரி பின்னாலேயே வந்தான்.

"ஏனுங்க, இந்த ரத்தமெல்லாம் எங்கீங்க போவுது? விக்கறீங்கன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க."

என்னைச் சந்தேகப்படுகிறார்கள். நல்ல கூத்து.

பின்னிடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில், அதே கறுத்த வட்டம். யார் போட்டது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றான். பொய் சொன்னால் எப்படி வைத்தியம் பார்ப்பது என்றேன். குரல் மாறிவிட்டது அவனுக்கு.

"சூடுன்னா தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியாத்தான் போடுவாங்க. எங்கூருல ஒத்தச் சூடு போட்டா ஆளு பொணத்துக்குச் சமம். எம் பொண்டாட்டிக்கு அதப் போட உடுவனா நானு?"

ஆளுக்கொரு கதை. எழுதினேன்: மறுக்கிறார்.

19 அக்டோபர்

மூன்று நாளாக ஊசி. காய்ச்சல் இறங்கவே இல்லை. சென்னம்மாளுக்கு மூச்சு நிமிடத்துக்கு முப்பத்தாறு. அர்த்தனாரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

20 அக்டோபர், மதியம்

சென்னை லேபிலிருந்து போன். முதலில் அனுப்பிய ரத்தங்களில் சிலவற்றில் ஸ்கிரப் டைஃபஸ் போலத் தெரிகிறதாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. டாக்டர் நம்பவில்லை. இந்தப் பரிசோதனை அடிக்கடி தப்புச் சொல்லும் என்றார்.

"பூச்சி கடிச்ச இடத்துல ஒரு கறுப்புப் பக்கு இருக்கணும் ஆஸியா. வலிக்காது, அதனால அவங்களுக்கே தெரியாது. சிகரெட்டால சுட்ட மாதிரி இருக்கும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன். ஒருத்தருக்காவது இருந்தா நம்பிடுவேன். உங்க ஃபாரத்துல எங்கேயும் இல்லையே?"

"இல்லை சார்" என்றேன்.

இல்லை என்றுதானே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வலிக்காது. அவங்களுக்கே தெரியாது. சுட்ட மாதிரி —

அதே நாள், மூன்று மணி

நாற்பத்தோரு ஃபாரத்தையும் எடுத்துப் பரப்பினேன். பதினொன்றில் சூடு. பதினொன்றும் ஒற்றை. தொப்புள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அக்குள், தொடை, மார்புக்குக் கீழே... யாராவது அங்கே போய்ச் சூடு போடுவார்களா? இதை ஒரு தடவையாவது யோசித்தேனா? பதினொரு இடத்தில் என் கையெழுத்தில் மறுக்கிறார், மறுக்கிறார். குப்புசாமியுடையதில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், புது ஃபாரங்களில் மாற்றி எழுதி வைத்துவிடலாமா என்று தோன்றியது. அதே நீலப் பேனா மேஜையில் கிடக்கிறது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அல்லாஹ்வே, நான் என்ன மாதிரி மனுஷி?

வராந்தாவில் குழந்தை அழுகிறது. போகிறேன்.

21 அக்டோபர்

சொல்லிவிட்டேன். டாக்டர் உடனே சென்னம்மாளைத் திருப்பிப் பார்த்தார். நேற்று நாலு மணிக்கெல்லாம் இந்தக் காய்ச்சலுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தாயிற்று. எங்கள் அலமாரியிலேயே ஒரு டப்பா இருந்தது. ஆகஸ்டிலும் இருந்தது. குப்புசாமி படுத்திருந்த கட்டிலிலிருந்து பத்தடி தூரம்.

அப்புறம் டாக்டர் சொன்னார்: "குப்புசாமியோடதை நானும் என் கண்ணால பார்த்தேன். நீங்க சொன்னதை ஏத்துக்கிட்டேன். அவர் சொன்னதை நானும் கேட்கல." என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை.

23 அக்டோபர்

சென்னம்மாளுக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி கேட்டாள். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அர்த்தனாரியிடம் போய், நீங்கள் சொன்னதுதான் நிஜம், நான்தான் நம்பவில்லை என்றேன். "செரீங்க" என்றான். அவ்வளவுதான்.

4 நவம்பர்

நோன்பு ஒன்பது. இன்று ஃபாரங்களைத் திருத்தினோம். ஆராய்ச்சித் தாளில் தப்பை அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் பெயர், தேதி. பதினொரு கோடு. நான் எப்படி எழுதினேன் என்று வருகிறவர்கள் எல்லோரும் படிக்கலாம். படிக்கட்டும்.

குப்புசாமியின் கோடு மட்டும் நேராக வரவில்லை.

15 நவம்பர்

பெருமாயி வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம். கூப்பிட்டேன்.

"ஊட்ல ஆரும் இல்லீங்க" என்று அவளே உள்ளிருந்து சொன்னாள்.

அரை மணி நேரம் நின்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூடிய கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன். தனியாக, யாரும் இல்லாத இடத்தில். அவளை அவமானப்படுத்தியது சந்தையில்.

3 டிசம்பர்

சந்தையில் தலைவரையே கூட வைத்துக்கொண்டு சொன்னேன், ஆஸ்பத்திரியின் தப்பு, என் தப்பு என்று. பெருமாயி வரவில்லை. அவரைக்காய்க்காரி ஒருத்தி, "அவ சந்தைக்கு வந்தே ரெண்டு மாசமாச்சு" என்றாள்.

9 ஜனவரி 2004

காலை முதல் பஸ்ஸில் பெருமாயி வந்து இறங்கினாள். தனியாக. ஆறு நாள் காய்ச்சல், உதடு வெடித்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்பே சேலையை முழங்கால் வரை தூக்கித் திரும்பிக் காட்டினாள். முழங்காலுக்குப் பின்னால் அதே கறுத்த வட்டம்.

"பாத்துக்குங்க அம்மிணி. ஒன்னுதான் இருக்குது. ஆரு போட்டதுன்னு எழுதுவீங்க?"

வலிக்கிறதா என்று கேட்டேன். கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"வலி இல்லீன்னா நம்புவீங்களா?"

"நம்புவனுங்க" என்றேன்.

ரத்தம் எடுத்தேன். டாக்டர் முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். பத்தாவது கட்டத்தில் எழுதினேன்: கறுத்த பக்கு ஒன்று. வலி இல்லை. எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரலை மையில் தொட்டவள், காகிதத்துக்கு மேலே அப்படியே நிறுத்தினாள்.

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.