நீ காட்டிய இடது கை

இன்று காலை உனக்கு முப்பதாம் நாள் பூசை. முடிந்து வெளியே வந்தால், கோயில் மைதானத்தில் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்குப் பெண்பிள்ளைகளின் பாஸ்கெட்பால் போட்டியாம். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. செருப்போடு கோட்டின் மேலேயே நின்றுவிட்டேன். கோடு போடுகிற ஆள் "அஜ்ஜி, சொல்ப ஸரீரி" என்று கன்னடத்தில் நகரச் சொன்ன பிறகுதான் எனக்கு உணர்வே வந்தது.

உள்ளே ஹாலில் டிபன் வைத்திருந்தார்கள். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா, அம்மாவோட மேட்ச் கதையை எல்லாருக்கும் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்றாள். சொன்னேன். நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லிவருகிற அதே கதை. ஃபைனலில் உன்னை ரெண்டு பேர் முன்னும் பின்னும் கட்டிப்போட்டார்கள், உன் கைக்குப் பந்து போட வழியே இல்லை, கடைசியில் நானே கூடையில் போட்டு ஜெயித்தோம். எல்லாரும் சிரித்தார்கள். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவும் இப்பிடியேதான் சொல்வாங்க" என்றாள். நான் கேசரியை வாங்கிச் சாப்பிட்டேன்.

வழி இருந்தது. அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலம் வராதே தவிர, தமிழ் எனக்கு எழுத வரும். அது உனக்கே தெரியும்.

ஒக்கலிபுரத்தில் நம் சந்துக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை நாம் வீணாக்கியதில்லை. ரெண்டு குடத்தை எடுத்து உனக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைப்போம். அவைதான் உன்னைக் காக்கிற ரெண்டு எதிரிகள். ஆறடிக்கு ரெண்டு விரல் குறைவு நீ. கூடைக்கு அடியில் முதுகைக் காட்டி நிற்கிற சென்டர். உனக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்கிறவள் நான், உன் தோளுக்குக்கூட எட்டாதவள். நான் உயரத் தூக்கிப் போட்டால் எவளாவது கையை நீட்டிப் பிடுங்கிவிடுவாள். நீதான் வழி சொன்னாய்.

"கால் பக்கம் போடுடி குள்ளச்சி. எல்லாரும் கையைத் தூக்கி வெச்சிருக்காங்க. காலை எவளும் பாக்கறதில்ல."

அப்படித்தான் பழகினோம். பந்தோடு நான் நம் அணியில் மூலையில் நிற்கிறவளைப் பார்ப்பேன், அவளுக்குப் போடப்போகிற மாதிரி. உன் பின்னால் நிற்கிறவள் தலையைத் திருப்புவாள். அந்த ஒரு நொடியில் நீ முன்னால் நிற்கிறவளை இடுப்பால் ஒதுக்கிவிட்டு இடது கையை விரித்துக் காட்டுவாய். அவள் பாதத்தை ஒட்டித் தரையில் நான் ஒரே தட்டில் பந்தை அடித்து உன் கைக்கு அனுப்புவேன். நீ வாயைத் திறந்து பந்து கேட்கவே கூடாது என்று ஒப்பந்தம். கேட்டால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள். கை மட்டும்தான் கேட்கும். உன் அம்மாவின் பித்தளைக் குடத்தை நான் மூன்று இடத்தில் நசுக்கிய பிறகுதான் எனக்கு அந்தத் தட்டு சரியாக வந்தது. "ரெண்டு பேருக்கும் கல்யாணத்துக்குக் குடமே கெடையாது, போங்கடி" என்று உன் அம்மா விரட்டினார்.

அப்புறம் அந்த ஃபைனல். ஒரு பெரிய ஃபேக்டரிக்கு விளையாடுகிற பெண்கள் வேண்டும் என்று மேடம் ஒருவர் பார்க்க வந்திருந்தார். நன்றாக ஆடினால் வேலை. உன் அப்பா படுத்த படுக்கை. வீட்டில் மூத்தவள் நீ. அந்த வேலை உனக்குத்தான் என்று சந்து முழுக்கப் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பேர், வயது, படிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் தாளை நீ வாங்கி எழுதினாய். படிப்பு என்ற இடம் வந்ததும் தலையைத் தூக்கி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாய்:

"ஏய், இவளுக்கு என்னடி போடறது? ஏழாவது ஃபெயில்னு போட்டா ஃபேக்டரிக்காரங்க பந்தை மட்டும் வாங்கிட்டு இவளை விட்டுட்டுப் போயிடுவாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போடி ஒட்டகம், பத்தாவது பாஸ் பண்ணி என்ன பிரயோஜனம், வாசப்படியில தலையை இடிச்சுக்காம நுழையத் தெரியல உனக்கு" என்றேன். நீ இன்னும் பலமாகச் சிரித்தாய். நீ அப்போதே மறந்திருப்பாய். எனக்கு மறக்கிற பழக்கம் கிடையாது. என் அம்மா படுத்துவிட்டதால் தம்பி தங்கைகளைப் பார்க்க என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பரீட்சையே எழுதவில்லை நான். அது அந்தக் கூட்டத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்த நீதான் சொன்னாய்.

முதல் பாதியில் பழக்க தோஷத்தில் உனக்குப் பந்து கொடுத்துவிட்டேன். ரெண்டு முறை கூடையில் போட்டாய். உடனே அவர்கள் ரெண்டு பேரை உன்மேல் ஏவினார்கள். முன்னால் நின்றவளுக்குக் காதில் சிவப்புக் கல் தோடு. கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை, ரெஃபரியும் விட்டுவிட்டார். அந்த ரெஃபரி மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பின்னால் நின்றவளுக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். இடைவேளையில் கோச் சொன்னார்: "ரெண்டு பேரு அவகிட்ட போயிட்டா, நம்மள்ல ஒருத்தி சும்மா நிக்கிறான்னு அர்த்தம். கண்ணைத் தொறந்து வெச்சுப் பாருங்கம்மா."

ரெண்டாவது பாதியில் பந்து என் கைக்கு வந்தது. மூலையைப் பார்த்தேன். பல்லுக்காரி தலையைத் திருப்பினாள். நீ தோடுக்காரியை ஒதுக்கினாய். அவள் வலது பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு முறம் அகலத்துக்கு இடம். உன் இடது கை விரிந்தது. குடத்தை வைத்துப் பழகியபோதுகூட அத்தனை சுத்தமாக வழி திறந்ததில்லை. எல்லாம் தெரிந்தது எனக்கு. பந்தைத் தூக்கி நானே கூடைக்கு எறிந்தேன்.

விழாமல் போயிருந்தால் கோச் கத்தியிருப்பார், எனக்கும் புத்தி வந்திருக்கும். விழுந்துவிட்டது. அடுத்த முறையும் நீ கை காட்டினாய். மூலைக்காரிக்குக் கொடுத்தேன், அவளும் போட்டாள். ஏழு முறை காட்டினாய். ஒரு முறைகூட வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தத்தை நீ மீறவில்லை. "எனக்குப் போடுடி" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நான் போட்டிருப்பேனோ என்னவோ. அப்படி நினைத்து உன்மேலேயே பழியைப் போடவும் பார்த்திருக்கிறேன்.

நாம் ஜெயித்தோம். அதுதான் பெரிய வம்பு. தோற்றிருந்தால் யாராவது என்னைக் கேட்டிருப்பார்கள். ஜெயித்தவளை யார் கேட்பார்கள்? கோச் என் தலையைத் தட்டிக்கொடுத்து, "நான் சொன்னதை இவ ஒருத்திதான் புரிஞ்சுக்கிட்டா" என்றார். நீ ஓடிவந்து என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினாய். "கலக்கிட்டடி குள்ளச்சி!" உன் தோளில் உட்கார்ந்துகொண்டு நான் கை ஆட்டினேன்.

அப்புறம் அந்த மேடம் கோச்சிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "சென்டர் பொண்ணு செகண்ட் ஹாஃப்ல பந்தையே தொடலையே சார்" என்றார். கோச் உனக்காக எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான்தான் குடுக்கல மேடம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினேன். கட்டிவிட்டு மறுபடி அவிழ்த்தேன். அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். வேலை எனக்கும் மூலைக்காரிக்கும்.

சேருவதற்கு நாலு பக்க ஃபாரம் வந்தது. எனக்கு யார் நிரப்பித் தருவார்கள்? நீதான் வந்தாய். முட்டி போட்டு உட்கார்ந்து, உன் அழகான கையெழுத்தில் நிதானமாக எழுதினாய். படிப்பு என்ற கட்டம் வந்தபோது நான் உன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் வாசிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாய். அன்றே என் கோபம் தீர்ந்துவிட்டது. தீர்ந்து என்ன செய்ய?

முப்பத்துநாலு வருஷம் அந்த ஃபேக்டரியில் இருந்தேன். கேன்டீன் சாப்பாடு, ஆஸ்பத்திரி வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நீ பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸுக்குப் போனாய். தையல் மிஷின் மேஜை உன் உயரத்துக்கு ஆகவில்லை. கழுத்தையும் முதுகையும் வளைத்து வளைத்து, நாற்பது வயதில் நீ என் உயரத்துக்கு வந்துவிட்டாய். திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்தே தெரிகிற உன் தலையை ஒரு வருஷம் தேடினேன், காணோம். பார்த்தால் பக்கத்திலேயே நிற்கிறாய். "இப்ப உனக்கு என்கிட்ட ரகசியம் பேச ஸ்டூல் வேணாம்டி" என்று சிரித்தாய். பேச வேண்டிய ரகசியம் என்னிடம் இருந்தது. நானும் சிரித்தேன். உன் மகளுக்கு என்னைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொன்னாய். நின்றேன்.

ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "சாமி, பந்து போட வேண்டியவளுக்குப் போடலை, வேணும்னே போடலை" என்றேன். அந்தச் சாமியார் சின்ன வயதுக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விளையாட்டுல இதெல்லாம் சகஜம்மா. யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார். "நாங்கதான் சாமி" என்றேன். ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷம் சுமந்ததை ஒரு செபத்தில் முடித்து வைக்க அவர் யார்?

போன மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். மத்தியான வெயில் உன் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. உன் மகள் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போயிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்த மாதிரி நீ கேட்டாய்:

"ஏண்டி, அன்னைக்கு செகண்ட் ஹாஃப்ல நான் கை காட்டினது உனக்குத் தெரியலையா?"

நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாய். உன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை மட்டும் இருந்தது. என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"அந்தத் தோடுக்காரி மறைச்சுட்டாடி. ஒண்ணுமே தெரியல."

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

"அப்பிடியா? நீ என் கையைப் பாத்த மாதிரியே இருந்துச்சு எனக்கு. இத்தனை வருஷம் உன்னைப் போய்த் தப்பா நெனச்சுட்டேன் பாரு. மன்னிச்சுக்கோ குள்ளச்சி."

மன்னிப்பு நீ கேட்டாய். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். "சும்மா இருடி, பேசாம தூங்கு" என்றேன். நாலாவது நாள் நீ போய்விட்டாய், என்னைச் சந்தேகப்பட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டே. வேலையை எடுத்துக்கொண்டதுகூட வயசுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். சாகிற நேரத்தில் உன் கண்ணையே நீ நம்பாதபடி செய்தேனே, அதற்கு எந்தச் சாமியார் செபம் சொல்லித் தருவார்?

ஞாயிற்றுக்கிழமை உன் மகளிடம் இதைச் சொல்லப்போகிறேன். அவள் முகம் எப்படி மாறும் என்று இப்போதே தெரிகிறது. வாரம் தவறாமல் வந்து எனக்குத் தலை சீவிவிடுகிறவள். அதற்கப்புறம் என் வாசல் மிதிக்காமல் போகலாம். போகட்டும். கோபத்தை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்குத் தெரியும். உனக்குச் சேர வேண்டிய கோபத்தை உனக்காக வைத்துக்கொள்ள ஒருத்தியாவது வேண்டாமா?

உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. தோடுக்காரி மறைக்கவில்லை. உன் ஐந்து விரலும் விரிந்திருந்தன, உள்ளங்கை வேர்வையில் மினுங்கியது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வராது என்று தெரிந்ததும் ஒவ்வொரு முறையும் மெதுவாக மூடிக்கொண்டாய். ஏழாவது முறை மூடும்போது கட்டைவிரல் கடைசியாக மடங்கியது.