பழைய பலகை

திருவானைக்காவல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள வளவனுக்கு,

புனேயில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். உன் அக்காவுக்குப் பேச்சுப் போயிற்றே தவிர, காது முன்னிலும் கூர்மை. ஆகையால் எழுதுகிறேன். இதை ஸ்ரீரங்கம் அஞ்சலகத்தில் நானே விரைவு அஞ்சலில் சேர்ப்பேன்.

கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது. இடியும் மழையும் ஓய்ந்தபாடில்லை. சென்ற மாதத்து இடியில் ஆனந்தவள்ளியின் பேச்சுக் கருவி கருகியது உனக்குத் தெரியும். நிறுவனத்தின் பொறியாளர் ஜேக்கப் வந்து உள்ளிருந்த மின்பலகையை மாற்றினார். கருவி எழுந்தது, அவள் குரல் எழவில்லை.

குரல்வளை அறுவைக்கு முன் அவள் பதிந்து வைத்த குரல் சேதமின்றி உள்ளே இருக்கிறது. அதன் பெயர்கூடத் திரையில் தெரிகிறது. அதைத் திறக்கும் சாவிதான் பழைய பலகையின் ஒரு சில்லுக்குள் இருக்கிறது. குரலை எவரும் நகலெடுத்து வேறு கருவியில் ஓட்டிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. கருவி விழிக்கும் ஒவ்வொரு முறையும், தன் உறுப்புகள் யாவும் முதலில் பொருத்தியவைதாமா என்று சோதித்த பின்னரே சாவியைத் தரும். “ஃபைல் பத்திரமா இருக்கு சார், ஆனா இந்த போர்டை அது நம்ப மாட்டேங்குது” என்றார் ஜேக்கப், தாமே குற்றம் செய்தவரைப் போல.

நிறுவனத்துக்கு எழுதினேன். குரலுக்கு உரியவர் ஒரு வாக்கியத்தைத் தம் சொந்தக் குரலில் பேசி அடையாளத்தை உறுதி செய்தால் புதிய சாவி வழங்குவார்களாம். குரல்வளையை அகற்றிவிட்டார்கள் என்று மருத்துவச் சான்றுடன் மீண்டும் எழுதினேன். விதியில் வேறு வழி இல்லை என்று பதில் வந்தது.

நான் விதிகளுக்குப் பகைவன் அல்லன். முத்திரை ஆய்வாளனாக மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தராசுகளுக்கு முத்திரை வைத்தே என் தலை நரைத்தது. பழுதுபார்க்க முத்திரையை உடைக்க நேர்ந்தால், தராசைச் சோதித்து மறுமுத்திரை இட்டுக் கொடுப்போம். தட்டில் கிடக்கும் அரிசி இனி உம்முடையது அல்ல என்று எந்த வியாபாரியிடமும் நான் சொன்னதில்லை.

இப்போது கருவியில் நிறுவனத்தின் பொதுக்குரல் ஒன்று இருக்கிறது. பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி. முதல் நாளே உன் அக்கா, “யாருங்க இந்தப் பொம்பளை, நம்ம வீட்டுக்கே வந்து உங்களை அதட்டுறா” என்று திரையில் எழுத்துகளைத் தட்டினாள். அதையும் அந்தக் குரலே நிறுத்தி நிதானமாக வாசித்தது. உடனே அணைத்துவிட்டாள். அதன் பிறகு கை தட்டித்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

திங்களன்று புத்தூர் புற்றுநோய் மருத்துவரிடம் போய் வந்தோம். வழக்கமாக அடுத்த தேதியை அவரே சீட்டில் குறிப்பார். இம்முறை குறிக்கவில்லை. “எப்ப வேணாலும் வாங்க” என்றார். திரும்பும் வழியில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பழுதான பலகையை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர்கள் அதை அழித்துவிடுவார்கள். ஜேக்கப் பலகையை மாற்றிய அன்று நீ, “அத்தான், பழைய போர்டை மட்டும் குடுத்துடாதீங்க. மத்ததெல்லாம் கருகினாலும் அந்தச் சிப்பு உசுரோட இருக்கலாம், நான் எழுப்பிப் பாக்குறேன்” என்றாய். கையெழுத்திட்டவன் நான், இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று உன்னை அடக்கினேன்.

நேற்று அதை வாங்கிப்போக ஆள் வந்தார். தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். கூடத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. அவர் போனதும் என் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் ‘புளுகு’ என்று எழுதினாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

பலகை என் அலுவலகப் பையில் துணியில் சுற்றி இருக்கிறது. அந்தச் சில்லு பிழைத்திருக்கிறதா, நான் அறியேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை; ஆசை காட்ட அஞ்சுகிறேன். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். அதுவரை வேண்டாம், முன்னதாகவே வா. உன் கருவிகளையும் எடுத்து வா. என்ன செய்கிறாய் என்று கேட்க மாட்டேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

அகிலாண்டேஸ்வரி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ படியேறும்போது “டேய் வளவா, சாப்டியாடா” என்று உள்ளிருந்து குரல் வராது. அதற்காகத் தயங்கி வாசலிலேயே நின்றுவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்
தர்மராஜ்