தழும்பு எந்தக் கன்னத்தில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் கடையும் கடைக் கண்ணாடியும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடக் கூடாது. போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது. அம்மா அதைச் சளி என்கிறாள், நான் அதை என் மேல் கோபம் என்கிறேன். கோபப்பட உனக்கு நியாயம் உண்டு. "அப்பா, இந்த லீவுக்கு அவரையும் கூட்டிட்டு வரட்டுமா, நீங்க சரின்னு சொன்னாத்தான் ரெண்டு பேரும் வருவோம், இல்லேன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன்" என்று எழுதி, நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற படத்தையும் வைத்து அனுப்பியிருந்தாய். அது வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் போனில் மழையைப் பற்றிக் கேட்பதும், நீ மழையைப் பற்றிச் சொல்வதும், உடனே அம்மா கையில் போனைத் திணித்துவிட்டுக் கடைக்கு ஓடுவதுமாக நாளைக் கடத்திவிட்டேன். பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, அப்பா சொல்கிற வரிசையில் படி.

மாப்பிள்ளை கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. கடைக்கு வந்தால் ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருவார். "மாமா, சினிமாக்காரன் மாதிரி வெட்டிவிடுங்க" என்பார். நான் எனக்குத் தெரிந்த ஒரே வெட்டைத்தான் வெட்டிவிடுவேன். அவரும் கண்ணாடியில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, "அச்சு அசலா அப்படியே இருக்கு மாமா" என்பார். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் நான் யாரையும் உட்கார வைக்கவில்லை. கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் வாசல் பக்கத்து நாற்காலி ஒன்றில்தான் வேலை. கடைக்கு வருகிறவர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள், ஒருவரும் கேட்டதில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இப்போது கடைத் தொலைக்காட்சி விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் படி. அதைப் பின்சுவரில், பெஞ்சுக்கு மேலே மாட்டியதே மாப்பிள்ளைதான். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் தலையைத் திருப்பக் கூடாது, எல்லாரும் எதிரே உள்ள கண்ணாடியிலேயே படம் பார்க்கட்டும் என்று யோசித்து மாட்டினார். நாற்காலியில் இருப்பவர், பெஞ்சில் காத்திருப்பவர், கத்தரி பிடிக்கிற நான், எல்லாருமே கண்ணாடியில் பார்த்துத்தான் பழக்கம். மத்தியானத் தொடர் ஓடும்போது நம் கடையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். ஒரு வக்கீலும் ஒரு நர்சும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கதை. தீப்பிடித்த வீட்டிலிருந்து அவளைத் தூக்கி வந்தபோது வக்கீலுக்குக் கன்னத்தில் விழுந்த தழும்பு. அவனைப் பெற்றவள் அவர்கள் வீட்டிலேயே சமையல் வேலை பார்க்கிறாள் என்பது நர்சுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பேங்க் கேஷியர் ஒருவர் வருவாரே, நாங்கள் அவரை அவசரம் என்று கூப்பிடுவோம், வரும்போதே சீக்கிரம் சீக்கிரம் என்று கத்துவார். தொடர் தொடங்கிவிட்டால் பாதி முகத்தில் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். லாரிக்காரர் வெளியூர் போனாலும் வழியில் நிறுத்திப் போன் போட்டு, "அண்ணே, அந்தம்மா வாயைத் திறந்துருச்சா" என்று ரகசியத்தைப் பற்றி விசாரிப்பார். நர்சு அழுத நாளொன்றில் நான் ஒருவர் மீசையை ஒரு பக்கம் கூடுதலாகக் குறைத்துவிட்டேன். அவரும் அவளுக்காக அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொடரில், உன் கடிதம் வந்த அதே வாரம், வக்கீலாக நடித்தவனை மாற்றிவிட்டார்கள். சினிமாவுக்குப் போய்விட்டான் என்று அவசரம் சொன்னார், சம்பளத் தகராறு என்று லாரிக்காரர் சொன்னார். காலைப் பத்திரிகையில் புது ஆளின் படத்தைப் பெரிதாகப் போட்டு, இனி அவருக்குப் பதில் இவர் என்று அறிவிப்பு. கடையே கொதித்தது. எல்லாரையும் விட அதிகமாகக் குதித்தவன் நான்தான். "ஒருத்தன் உட்கார்ந்த இடத்துல இன்னொருத்தன் வந்து உட்கார்ந்தா ஆச்சா, பார்க்கிறவனுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா" என்று கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு நம் வீட்டுக் கதை தெரியும். அந்த நேரத்தில்தான் பத்திரிகைப் படத்தில் தழும்பைப் பார்த்தேன். பழைய வக்கீலுக்கு இடது கன்னம், புது ஆளுக்கு வலது கன்னத்தில் வரைந்து வைத்திருந்தார்கள். ஆளைத்தான் மாற்றினார்கள், தழும்பையாவது இருந்த இடத்தில் வைக்கத் தெரியவில்லையே என்று எல்லாரும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கே தொலைக்காட்சியை அணைத்தேன். தழும்பு இடது கன்னத்துக்கு வரும்வரை இந்தக் கடையில் தொடர் ஓடாது என்று அந்த டிவிக்காரர்களுக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டேன். கடையில் இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தொடரே பார்க்காத ஒருவர்கூட, போட்டால்தான் சவரம் நடக்கும் என்று போட்டார்.

போன கடை விடுமுறையன்று அம்மா வீட்டில் அதே தொடரை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு அல்ல, கண்டிப்பதற்கு. புது ஆள் வந்தான், வலது கன்னத்தில் தழும்பு. பார்த்தாயா அநியாயத்தை என்று ஆரம்பித்தேன். முதலிலிருந்தே வலது கன்னம்தான் என்றாள் அம்மா. தினம் தினம் கன்னம் மழிக்கிறவன், கன்னத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லாதே என்றேன். அவள் சமையலறைக்குப் போய், டப்பாக்களை நகர்த்தி, அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய வாரப் பத்திரிகைத் தாளை உருவிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கறையும் மிளகாய்த்தூளுமாகப் பழைய வக்கீல் சிரிக்கிறான், தழும்பு வலது கன்னத்தில். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷமும் அவனை நான் நேராகப் பார்த்ததே இல்லை, கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். அம்மா கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, திரையைக் காட்டி, "எந்நேரமும் அவன் மூஞ்சியையே அளந்துட்டிருக்கீங்க. பக்கத்துல அந்தப் பொண்ணு எத்தனை நாள் கழிச்சு சிரிக்குது, அதைப் பாத்தீங்களா" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தாளை மறுபடி விரிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கடையில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் புது ஆளுக்கும் தழும்பு இடது கன்னத்தில்தானே தெரியும். நம் கடிதத்துக்குப் பயந்து மாற்றிவிட்டான் என்று அவசரம் நுரையோடு எழுந்து நின்றார். லாரிக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் ஒரு டீ குடித்தேன். உண்மையைச் சொல்லி அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன், நீயும் லீவுக்கு வரும்போது கடையில் உளறிவிடாதே. இரண்டே நாளில் புது ஆளையும் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள், மாமியாரை எதிர்த்துப் பேசத் துப்பில்லை என்று. திட்டுகிறார்கள் என்றால் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் அம்மா கேட்டது மட்டும் என்னை விடவில்லை. நீ அனுப்பிய படத்தை, அவள் கேட்ட அன்று மாலையே மறுபடி எடுத்தேன். இந்த ஒரு மாதத்தில் அதை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தவன்தான். அவர் நெற்றி, அவர் வகிடு, அவர் நிற்கிற விதம், நம் மாப்பிள்ளை அளவுக்கு உயரம் உண்டா இல்லையா, இதைத்தான் பார்த்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்க்கவே இல்லை கண்ணு. நீ ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். சின்ன வயதில் நான் உன் முன்முடியைக் கோணலாக வெட்டிவிட்டபோது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாயே, அதே சிரிப்பு. மூன்று வருஷமாக நீ போனில் சிரித்ததெல்லாம் எங்களுக்காகச் சிரித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. படத்தை வைத்துக்கொண்டு அழுதேன், அம்மாவும் வந்து உட்கார்ந்து அழுதாள், பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கூட்டிக்கொண்டு வா. யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே, தெருவில் பாதித் தலைகள் என் கத்தரிக்குக் கீழேதான் இருக்கின்றன, நான் பார்த்துக்கொள்கிறேன். பழையவரை மறக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை, நாங்களும் மறக்கப் போவதில்லை, அவர் மாட்டிய தொலைக்காட்சி அதே இடத்தில்தான் இருக்கும். அம்மா இப்போதே மாடி அறைத் திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டுவிட்டாள். வரும் தேதியை முன்கூட்டியே எழுது, குளிருக்கு இரண்டு போர்வை கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும்.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தில் ஒருவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. படத்தில் கவனித்தேன், அவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கிறது, எவன் வெட்டினானோ. கிளம்புவதற்கு முன் அங்கே யாரிடமும் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஜன்னலோர நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா