முச்சந்தியில் உடைந்த பேய் பிஸ்கட்

17.10.2004, ஞாயிறு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மகள் பிறந்தநாளுக்கு ஆசையாகக் கேட்டாளே என்று, குக்கரில் மணல் பரப்பி நாலு ஈடு பேய் பிஸ்கட் சுட்டேன். கிராம்பில் கண், முந்திரியில் பல். நத்தத்திலிருந்து வந்த நாத்தனார் தட்டைப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா பேயவா சுட்டு வச்சிருக்க? புள்ளைக்கு ஆகாது."

அத்தனையையும் அள்ளி, மகள் தலையைச் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைத்துவிட்டு வந்தார். காலையிலேயே ஆறு பிஸ்கட் தின்ற என் வீட்டுக்காரர், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படுக்கும்போது மகள் கேட்டாள்: "அத்தை வீட்டு வாசல்ல திருஷ்டிக்கு ஒரு பூதம் தொங்குதுல்ல, நாக்க நீட்டிக்கிட்டு? அத எப்பம்மா உடைக்கிறது?"

அடுத்த ஞாயிறு என்றேன்.