அந்தக் கரையில் எண்பத்திரண்டு

ஜூன் 10, செவ்வாய்

அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தார். எனக்கு வந்தது: 'பிறந்த முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் பெறும் குழந்தைகள் நம் ஊரில் எத்தனை?' பின் பெஞ்சில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அண்ணிக்கு இது ஒன்பதாம் மாதம்.

ஜூன் 12, வியாழன்

சுகாதார நிலைய நர்ஸ், பெயர்களை மறைத்துவிட்டு, போன வருடப் பதிவேட்டின் எண்களை மட்டும் எழுதிக்கொள்ள விட்டார். ஆற்றின் அந்தக் கரையில் நூறு தாய்மாரில் எண்பத்திரண்டு பேர். எங்கள் கரையில் முப்பத்தொன்பது! நடுவில் ஒரே ஒரு பாலம். நடந்து பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். அதே தண்ணீர், அதே பஸ். பிறகு ஏன்?

ஜூன் 13, வெள்ளி

அந்த 'ஏன்' யோசித்ததில் கணக்கு வகுப்பில் திட்டு.

ஜூன் 16, திங்கள்

சார்ட் முடிந்தது. அந்தக் கரை நீலம், எங்கள் கரை சிவப்பு. கீழே 'காரணம்' என்ற கட்டத்தில், 'எங்கள் கரைத் தாய்மாரிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அழகாக எழுதினேன். சுகாதார நிலையத்தில் மாட்டப்போகிறார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜூன் 18, புதன்

அண்ணி பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் மேதாவி, விழிப்புணர்வு இல்லாதவன்னு எழுதியிருக்கியே, அது நான்தானா?"

"ஐயோ அண்ணி, உங்களைச் சொல்லல. பொதுவா—"

"பொதுவான்னா யாரு? வாண்டுக்குப் புட்டிப்பால் கொடுத்தவ நான். அந்தச் செவப்புல நானும் இருக்கேன்ல?"

வாண்டு அவர் மகள், மூன்று வயது. போன வருடப் பதிவேட்டில் அவள் வரமாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அண்ணி சாப்பிடாமலே படுத்துவிட்டார். என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிச்சேன் நான்?

ஜூன் 19, வியாழன்

துணி மடிக்க உதவினேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவில்லை. வாண்டு பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அண்ணி நான்கு துணி மடித்து அடுக்கினார். பிறகு—

"பொறந்ததும் கீழ்மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எடை பாக்கறது, குளிப்பாட்டறது, கையில சீட்டு கட்டறது எல்லாம் அங்கதான். மூணு மணி நேரம். திரும்பி வரும்போதே வயிறு முட்டப் புட்டிப்பால் குடிச்சிட்டுத் தூங்கிட்டு வந்தா. எழுப்பி எழுப்பிப் பாத்தேன், வாயே தொறக்கல. மறுநாளும் அதே கதை. சரி, நமக்குத்தான் பால் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

மூன்று வருடமாக அப்படியே நினைத்திருக்கிறார். பக்கத்து அறையில் நான் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

எங்கள் தெருவில் ஏழு பேர், அந்தக் கரையில் ஆறு பேர். எல்லோரிடமும் ஒரே கேள்வி: குழந்தையை எப்போது கையில் கொடுத்தார்கள்?

எங்கள் ஏழு பேருக்கும் பிரசவம் எங்கள் கரைப் பழைய ஆஸ்பத்திரியில். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். ஒருவருக்கு மறுநாள் காலை. அந்த ஆறு பேருக்கும் அவர்கள் கரைப் புது ஆஸ்பத்திரியில். பிறந்த உடனே மார்மேல் போட்டுவிடுவார்களாம், எடையெல்லாம் அப்புறம்.

"கொடுக்கணும்னு நான் எங்க முடிவு பண்ணேன்? மேல போட்டாங்க, அதுவே தேடிப் புடிச்சுக்கிச்சு" என்று ஒரு தையல்காரம்மா சிரித்தார்.

ஜூன் 23, திங்கள்

நர்ஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, சார்ட்டில் 'காரணம்' கட்டத்தின் மேல் வேறு தாள் ஒட்டினேன்: 'குழந்தை தாயின் கைக்கு வரும் நேரம்: அந்தக் கரையில் உடனே. எங்கள் கரையில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ. (பதின்மூன்று பேரிடம் மட்டும் கேட்டது.)'

"ஆஸ்பத்திரிக்காரங்க பாத்தா என்னைத்தான் புடிப்பாங்க" என்றார். ஆனால் கழற்றவில்லை.

ஜூன் 26, வியாழன்

அந்தக் கரைக்கே போய்விடலாமா என்றான் அண்ணன். "பதிஞ்சதெல்லாம் இங்கதான். கடைசி நேரத்துல எங்க அலையறது? நான் கேட்டு வாங்கிக்கறேன்" என்றார் அண்ணி. சாயங்காலம் கண்ணாடி முன்னால் ஒத்திகை: "எடை எங்கயும் ஓடிடாது. முதல்ல என் கையில கொடுங்க."

வாண்டுதான் நர்ஸ். "முடியாது, போ!" என்றாள்.

சிரித்தோம். ஆனால் உண்மையிலேயே அப்படிச் சொல்லிவிட்டால்?

ஜூலை 5, சனி

காலை 9.20-க்குப் பெண் குழந்தை. உடனே கையில் கொடுத்தார்களா என்று கேட்டேன்; அண்ணன் போனில் அழுதுகொண்டே இருந்தான்.

பத்தரைக்கு மேல்மாடி வார்டுக்குள் நுழைந்தேன். அண்ணி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். போர்வைக்குள் சின்னதாக, அவசரமாக, ஒரு சத்தம்.

"மெஷின் கீழ இருக்கு, நாங்க என்ன பண்றதுன்னு முனகிக்கிட்டேதான் கொடுத்தாங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் கிசுகிசுத்தார். அவருக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. "என் முறை வரட்டும், நானும் கேக்கறேன்."

கட்டிலின் கால்மாட்டில் சீட்டு தொங்கியது. குனிந்து படித்தேன்.

பிறந்த நேரம்: 9.20. எடை: அந்த இடம் காலி.